மெர்ச்சண்டைசராகத் திருப்பூருக்கு வருகிறீர்களா? முதல் ஆண்டுக்கு ஒரு வழித்துணை

படிப்பு முடித்த கையோடு திருப்பூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் பார்க்கிறேன். பி.காம்., பி.பி.ஏ., ஆங்கில இலக்கியம், ஃபேஷன் டிசைன் என்று எதைப் படித்திருந்தாலும், ஏற்றுமதி நிறுவனத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் ஜூனியர் மெர்ச்சண்டைசர். பெயர் பெரியதாக இருக்கும். முதல் மாதம் முடிவதற்குள் பாதிப் பேருக்கு, 'இது நமக்கு ஒத்து வருமா?' என்ற பயம் வந்துவிடும். நானும் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தோள்பையோடு பஸ் ஏறி வந்தவள்தான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் துணி வாங்கும் பையர் ஒரு பக்கம். நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, வெட்டி, தைத்து, பெட்டி கட்டும் பத்துப் பதினைந்து இடங்கள் இன்னொரு பக்கம். நடுவில் நிற்பவர் மெர்ச்சண்டைசர். அங்கே சொன்னது இங்கே அப்படியே நடக்க வேண்டும். இங்கே ஏதாவது தடங்கல் என்றால் அங்கே உடனே தெரிய வேண்டும். இரண்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இந்த வேலையில் நன்றாக வந்தவர்களிடம் நான் கண்டது இரண்டே பழக்கம். கேட்டதை அன்றே எழுதி வைப்பார்கள். எழுதியதை நேரில் போய்ப் பார்ப்பார்கள். கீழே நான் சொல்லப்போகும் பலவும் சுற்றிச் சுற்றி இந்த இரண்டுக்குத்தான் வந்து சேரும்.

சேர்வதற்கு முன்

வேலை உறுதி என்று வாயால் சொன்னால் போதாது, கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் மொத்தச் சம்பளம் எவ்வளவு, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் எவ்வளவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, விலக வேண்டுமென்றால் எத்தனை நாள் நோட்டீஸ் என்பதைப் பாருங்கள். சான்றிதழ்களின் அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிற இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

அடுத்தது நம் ஊர்ப் பிள்ளைகளை அதிகம் அலைய வைக்கும் விஷயம், இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா எஸ்' என்று இருக்கும். ஆதாரில் 'எஸ். கவிதா'. பான் அட்டையில் இனிஷியலை ஏற்காததால் அப்பா பெயரை விரித்து 'கவிதா செல்வராஜ்'. வங்கிக் கணக்கில் வெறும் 'கவிதா'. நமக்கு நான்கும் ஒரே ஆள்தான். பி.எஃப். கணக்கைத் திறக்கும்போதும், பின்னால் பணத்தை எடுக்கும்போதும் கணினிக்கு அவை நான்கு பேர். வேலையில் சேர்ந்துவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போகவே நேரம் கிடைக்காது. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கும்படி வேலையில் சேரும் முன்பே திருத்திவிடுங்கள்.

முதல் பதினைந்து நாள்: ஒரே ஒரு டி-ஷர்ட்டின் பின்னால் நடங்கள்

புதிதாக வருபவரை முதல் நாளே ஒரு கணினி முன்னால் உட்கார வைத்து, பழைய மெயில்களைப் படிக்கச் சொல்வார்கள். படியுங்கள். ஆனால் மதியத்துக்கு மேல் உங்கள் சீனியரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "அக்கா, இப்ப ஓடிட்டு இருக்குற ஆர்டர்ல ஒண்ணை மட்டும் நூல்ல இருந்து பெட்டி வரைக்கும் நேர்ல பார்த்துக்கறேன். தினம் ஒரு மணி நேரம் விடுவீங்களா?" வேண்டாம் என்று சொன்ன சீனியரை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு விளக்கும் வேலை அவர்களுக்கு மிச்சம்தானே.

நிட்டிங்கில் ஆரம்பியுங்கள். எத்தனையாம் நம்பர் நூல், எந்த மெஷின், ரோல் எத்தனை கிலோ என்று கேளுங்கள். அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்குப் போகும், கூடவே போய்ப் பாருங்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் இந்த ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனதையும் அங்கே இருக்கும் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயக் கூலி ஏன் இவ்வளவு, ஒரு லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணி) தவறிப்போனால் ஏன் எல்லோரும் இவ்வளவு பதறுகிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். பிறகு காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங், பவர் டேபிள் (தையல் வரிசை), செக்கிங், அயர்ன், பேக்கிங்.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம், கட்டிங் மாஸ்டரிடம் போய், "மாஸ்டர், துணி நேத்தே வந்துருச்சே, ஏன் இன்னும் வெட்டலைங்க?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. மேசையில் விரித்துப் போட்டிருந்த துணியைத் தொடச் சொன்னார். "ரோல்ல இறுக்கிச் சுத்தி வந்த துணி கண்ணு. பிரிச்சுப் போட்டுக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கணும். இல்லைனா வெட்டுனதுக்கு அப்புறம் அதுவா சுருங்கும். அளவு குறைஞ்சு போச்சுன்னா நாளைக்கு நீதான் என்கிட்ட வந்து நிப்ப." அன்று இரவு அதை எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு நான் போட்ட எந்த அட்டவணையிலும் துணி ஓய்வெடுக்கும் நேரத்தை விட்டதில்லை.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் உற்பத்தித் தளத்தில் யாரையும் கேள்வி கேட்டு நிறுத்தாதீர்கள். வாரச் சம்பளம் வாங்கும் நாள் அது. டெய்லரும் அவருக்கு உதவும் கைமடியும் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செவ்வாய், புதன் போனால் நிதானமாகச் சொல்லித் தருவார்கள்.

நோட்டு

இது வேலைக்கே ஆதாரம் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சேர்ந்த நாளே 200 பக்கக் கட்டு நோட்டு ஒன்று வாங்குங்கள். ஃபோனில் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். உற்பத்தித் தளத்தில் நின்று ஃபோனைத் தட்டினால், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் அவர் சொல்வதைக் கவனிக்கவில்லை என்றுதான் தெரியும். நோட்டில் எழுதினால் அவரே நிறுத்தி, எழுத்துக்கூட்டிச் சொல்வார்.

என் கதையைச் சொன்னால் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது விளங்கும். ஒரு வெளிர் பச்சை நிறத்துக்கு சாயப்பட்டறையிலிருந்து நான்கு லேப் டிப் (ஒப்புதலுக்குச் சாயம் போட்ட சின்ன மாதிரித் துண்டு) வந்தது: ஏ, பி, சி, டி. பையருக்கு அனுப்பினோம். அவர்கள் அலுவலகத்திலிருந்து ஃபோனில் அழைத்து, எது ஒப்புதல் என்று ஓர் எழுத்தைச் சொன்னார்கள். என் காதில் 'டி' என்று விழுந்தது. உடனே சாயப்பட்டறைக்கு ஃபோன் போட்டு 'டி' என்றேன். நோட்டிலும் எழுதவில்லை, மெயிலும் போடவில்லை. 400 கிலோ துணி சாயம் ஏறி வந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சொன்னது 'பி'. அந்தத் துணி முழுவதையும் கருப்பில் மறுசாயம் போட்டு வேறு ஓர் ஆர்டருக்குத் திருப்பினார்கள். பச்சைக்குப் புதிதாக நூல் வாங்கி, மறுபடி நிட்டிங் ஓட்டினோம். அன்று முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். "இனிமே எழுத்துல வாங்கிக்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பழகியது இது. ஃபோனில் யார் எதைச் சொன்னாலும், பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் ஒரு மெயில். "நீங்கள் இப்போது தொலைபேசியில் சொன்னபடி, இன்ன ஆர்டர், இன்ன நிறம், 'பி' லேப் டிப் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறோம். மாற்றம் இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லவும்." இவ்வளவுதான். எழுத்தைத் தனியாகச் சொல்லாமல், 'பாம்பே பி', 'டெல்லி டி' என்று ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது? நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது, ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அதை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடது பக்கம் இன்று நடந்தவை. வலது பக்கம் புரியாதவை. ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன்:

இடது: "காலை 10.15. டையிங்கில் இருந்து 12 ரோல் வந்தது, 246 கிலோ. டிசி (சரக்கோடு வரும் சீட்டு) நம்பர் எழுதிக்கொண்டேன். பிரிண்டிங் ஸ்ட்ரைக்-ஆஃப் (அச்சு மாதிரி) நாளை மாலை தருவதாகச் சொன்னார்கள். பையர் மெயில்: மெயின் லேபிள் இடம் 1 செ.மீ. கீழே."

வலது: "ரிப் துணி (கழுத்துப் பட்டைக்கானது) ஏன் தனி லாட்டாகச் சாயம் போட்டார்கள்? பாடியும் ரிப்பும் நிறம் ஒத்துப்போகிறதா என்று யார் பார்ப்பது? கட் பேனல் என்றால் என்ன?"

வலது பக்கத்துக் கேள்விகளை அன்றைக்கே எல்லோரிடமும் கொண்டு போய்க் கொட்டாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு மேல், சீனியர் கொஞ்சம் ஓயும் நேரத்தில், சேர்த்து வைத்த மூன்று நான்கு கேள்விகளை ஒரே தடவையாகக் கேளுங்கள். பதில் கிடைத்ததும் கேள்விக்குக் கீழேயே சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். இரண்டு மாதம் போனால் வலது பக்கம் காலியாகிக்கொண்டே வரும். நீங்கள் வளர்கிறீர்களா என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தைப் புரட்டினாலே தெரியும்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. துணி வெட்டப்போகும் நேரத்திலோ, பார்சல் கிளம்பும் நேரத்திலோ ஒரு சந்தேகம் வந்தால் ஓடிப் போய்க் கேளுங்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

கணக்கு

மெர்ச்சண்டைசிங்கில் கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டு பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் அவர்களிடம் யாரும் விலை கேட்பதில்லை. விலை கேட்கப்படாதவர் ஜூனியராகவே இருந்துவிடுவார். வெறும் பெருக்கல் வகுத்தல்தான் இது.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. வட்டமான கட்டரால் துணியில் 100 சதுர செ.மீ. அளவில் ஒரு துண்டை வெட்டி எடை போடுவார்கள். 1.60 கிராம் இருந்தால், அதை 100-ஆல் பெருக்கி 160 ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். கட்டரை ஒரு தடவை உங்கள் கையால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

இப்போது ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி என்று பார்ப்போம். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10 சேர்த்தால் 102. பாதி மார்பளவு 52, அதோடு 4 சேர்த்து 56. முன்னும் பின்னும் இருப்பதால் இரண்டால் பெருக்கினால் 112. 102-ஐ 112-ஆல் பெருக்கினால் 11,424 சதுர செ.மீ. இதை 160-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 183 கிராம். வெட்டுச் சேதாரம், சாயத்தில் குறைவது எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் என்று வைத்தால் 201 கிராம். கழுத்து ரிப் தனி.

இனி இதைப் பாருங்கள். அதே துணி 160-க்குப் பதில் 170 ஜி.எஸ்.எம். வந்துவிட்டது. சட்டைக்கு 183 கிராம் என்பது 194 ஆகிவிடும். பதினோரு கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆர்டர் 10,000 பீஸ் என்றால் சேதாரம் சேர்க்காமலே 114 கிலோ துணி கூடுதலாக வேண்டும். நிறுவனத்துக்கு அந்த ஆர்டரில் நிற்கும் லாபத்தில் பெரும் பங்கை அது தின்றுவிடும். துணி வந்த அன்றே ஜி.எஸ்.எம். பார்த்து, "அண்ணா, பத்துப் புள்ளி கூட வந்திருக்குங்க" என்று சொல்கிற ஜூனியரை முதலாளிக்குப் பெயரோடு நினைவிருக்கும்.

வாரத்துக்கு ஒரு ஸ்டைலை, அதாவது ஓர் உடை மாதிரியை எடுத்து இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். பிறகு சீனியர் போட்டதோடு ஒப்பிடுங்கள். எங்கே விலகுகிறது என்று தேடுவதில்தான் காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, கைக்கு வரும்.

டி.என்.ஏ. சார்ட்

எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணையைத்தான், 'டைம் அண்ட் ஆக்‌ஷன்' என்பதைச் சுருக்கி, இப்படிச் சொல்கிறோம். இதைக் கப்பல் ஏறும் தேதியில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போடுங்கள். சரக்கு தூத்துக்குடி போகும் நாள், அதற்கு முன் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன், அதற்கு முன் பேக்கிங், தையல், கட்டிங், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) ஒப்புதல், சாயம், நிட்டிங், நூல். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்பதை சாஃப்ட்வேரில் இருக்கும் எண்ணை நம்பி நிரப்பாமல், அந்தந்த இடத்து ஆளிடம் கேட்டு எழுதுங்கள்.

புதியவர்கள் தவறாமல் விடும் ஒன்று உண்டு. தீபாவளி, பொங்கல் என்றால் காலண்டரில் ஒரு நாள், மூன்று நாள்தான் சிவப்பாக இருக்கும். திருப்பூரில் அப்படி இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் வட மாநிலத் தொழிலாளர்களும் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மெஷின் இருக்கும், தைக்க ஆள் இருக்காது. அந்த நாட்களை முதலிலேயே கழித்துவிட்டு அட்டவணை போடுங்கள். தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றே பையருக்குச் சொல்லுங்கள். மூன்று வாரம் முன்னால் சொன்னால் பேசித் தீர்க்கலாம். மூன்று நாள் முன்னால் சொன்னால் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், அந்தச் செலவில் ஆர்டரே நஷ்டமாகிவிடும்.

ஆங்கிலம்

தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மெயில் எழுத முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குக் கைகொடுத்தது இதுதான்: நிறுவனத்தில் நன்றாக எழுதும் சீனியரின் பழைய மெயில்களில் இருந்து, ஒப்புதல் கேட்பது, தாமதம் சொல்வது, மாற்றத்தை உறுதி செய்வது, மன்னிப்புக் கேட்பது என்று வகைக்கு இரண்டு மெயிலை நோட்டின் கடைசிப் பக்கங்களில் கையால் எழுதிக்கொண்டேன். மெர்ச்சண்டைசர் எழுதும் மெயில்களில் பெரும்பகுதி இந்த நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். ஒரு மெயிலில் ஒரு ஸ்டைலைப் பற்றி மட்டும் எழுதுங்கள். தலைப்பில் ஆர்டர் எண் கட்டாயம் இருக்க வேண்டும். பையர் வீடியோ அழைப்பில் வரும்போது, பேச வேண்டிய மூன்று விஷயங்களை முன்கூட்டியே எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள். "இதை மெயிலில் அனுப்ப முடியுமா" என்று கேட்பதை எந்தப் பையரும் குறையாக நினைப்பதில்லை. அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான்.

சம்பளச் சீட்டு

மொத்தம் 18,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிப்பார்கள். மொத்தம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு 16,425. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி கொஞ்சம் போகும்.

பிடித்துவிட்டார்களே என்று வருந்த வேண்டாம். நிறுவனமும் உங்கள் பெயரில் இன்னொரு 1,440 கட்ட வேண்டும். அதில் ஏறக்குறைய 1,000 ஓய்வூதியத்துக்கும் 440 பி.எஃப்.-க்கும் போகும். இ.எஸ்.ஐ.க்கு நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்த அட்டை இருந்தால் உங்களுக்கும் உங்களை நம்பி இருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருந்தால், உடம்பு முடியாத நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளமும் உண்டு. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சம்பளம் போதாத முதல் ஆண்டில் இது எவ்வளவு பெரிய துணை என்று, டெங்கு வந்து படுத்த ஒரு பெண்ணோடு நின்றபோது பார்த்தேன்.

உங்கள் பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண்ணை முதல் மாதமே வாங்கி, ஃபோனிலேயே ஆக்டிவேட் செய்யுங்கள். சீட்டில் பிடித்த பணம் கணக்கில் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வேலை மாறும்போது இதே எண்ணைக் கொடுத்தால் போதும். அவசரத்துக்கு என்று பி.எஃப். பணத்தை எடுத்து ஃபோன் வாங்காதீர்கள். ஐந்து ஆண்டு தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரிக் கணக்கிலும் வரும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர் பெயர்களைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். சேர்ந்த வாரமே அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அங்கேயும் தேதி போட்டு எழுதிய நோட்டு உங்கள் பக்கம் நிற்கும். ஷிப்மென்ட் இரவுகளில் வண்டி ஏற்பாடு கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

ஆறாவது மாதத்துக்கு அப்புறம்

நோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். எந்த வகைத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது? நிறமா, அளவா, தேதியா? அதை அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எக்செல், ஃபோட்டோஷாப், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று மூன்று வகுப்பில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர்.

நிறம் என்றால், லைட் பாக்ஸ் முன்னால் நில்லுங்கள். டி65 என்பது பகல் வெளிச்சம், டி.எல்.84 என்பது கடை வெளிச்சம். ஒன்றில் ஒத்துப்போகும் இரண்டு துண்டுகள் இன்னொன்றில் விலகி நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்தால்தான், பையர் ஏன் எந்த வெளிச்சம் என்று எழுதி அனுப்புகிறார் என்பது புரியும்.

தரம் என்றால், இன்ஸ்பெக்ஷன் நாளில் தரம் பார்க்கும் கியூ.சி. பக்கத்தில் இருங்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 என்று எல்லோரும் சொல்வார்கள். 3,201 முதல் 10,000 பீஸ் வரை உள்ள ஆர்டரில், வழக்கமான முறைப்படி 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். குறையுள்ள பீஸ் பத்து வரை இருந்தால் தேறும், பதினொன்று என்றால் திரும்பிவிடும். இந்தக் கணக்குத் தெரிந்தவர், இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாளே தானே 200 பீஸ் எடுத்துப் பார்த்துவிடுவார்.

எக்செல் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். வி-லுக்கப்பும் பிவட் டேபிளும் வந்தால் மெர்ச்சண்டைசருக்கு முதல் ஆண்டுக்குப் போதும். வகுப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. உங்கள் ஆர்டர் நிலவரத் தாளையே வைத்துப் பழகுங்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். தளத்தில் ஜவுளிப் பாடங்களும் இருக்கின்றன, படிப்பது இலவசம். முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் இங்கேயே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது.

இந்த வேலையிலிருந்து மூன்று வழி பிரியும். மெர்ச்சண்டைசராகவே தொடர்ந்து சீனியர், மேனேஜர் என்று போகலாம். பையரின் பக்கம், அதாவது பையருக்காக ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஹவுஸுக்குப் போகலாம். துணியில் ஆர்வம் என்றால் ஃபேப்ரிக் அல்லது தரப் பிரிவுக்குப் போகலாம். என் கருத்தைக் கேட்டால், பையிங் ஹவுஸுக்கு அவசரப்படாதீர்கள். இரண்டு ஆண்டாவது தயாரிப்பு நடக்கும் இடத்தில் இருந்தவர்களின் பேச்சுக்குத்தான் அங்கேயும் மதிப்பு.

சம்பள உயர்வு கேட்கும்போது

"ஒரு வருசம் ஆச்சுங்க, பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால், பார்த்து ஒரு ஆயிரம் போடுவார்கள். நோட்டிலிருந்து ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். எத்தனை ஸ்டைல் கையாண்டீர்கள், மொத்தம் எத்தனை பீஸ், எத்தனை தேதி தவறாமல் போனது, எங்கே பிரச்சினையை முன்கூட்டியே பிடித்தீர்கள். 'துணி 10 ஜி.எஸ்.எம். கூடி வந்ததை அன்றே சொன்னதால் அடுத்த லாட் சரி செய்யப்பட்டது' என்று தேதியோடு எழுதுங்கள். தவறு நடந்ததையும் மறைக்காதீர்கள், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய ஷிப்மென்ட் போன மறுநாள் காலை நல்ல நேரம். எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஒரு தொகையைச் சொல்லத் தயாராக இருங்கள்.

விலகினால்

ஒரு நாள் வேறு இடத்துக்குப் போவீர்கள், அதில் தப்பில்லை. நோட்டீஸ் நாட்களை முழுதாக வேலை செய்து கொடுங்கள். திருப்பூர் சின்ன ஊர், நீங்கள் போகும் இடத்தில் உங்கள் பழைய டையிங் மாஸ்டரே வந்து நிற்பார். ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கணக்கு முடித்த பணம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். தளத்தில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் ஏற்றவில்லை என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம். ஐந்து ஆண்டு முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்கினால் தொகை வரும்.

கடைசி வாரம் உங்கள் இடத்துக்கு ஒரு புதுப் பிள்ளை வந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களின் நிலையை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். அப்புறம் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் கட்டிங்குக்கும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். "மாஸ்டர், இனி இவங்கதான் பார்த்துக்குவாங்க. கேள்வி நிறையக் கேப்பாங்க, சொல்லிக் கொடுங்க" என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி வையுங்கள்.